யாருக்கு யார் உதவி?

போடிநாயக்கனூரிலே சேவல் கூவுமுன் ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடுகின்றன. இருள் பிரியாத தெருமுனைகளில் பெண்கள் கூடி நிற்கின்றனர். தலையிலே கட்டிய துண்டு. கையிலே சோற்றுத் தூக்கு. கண்ணிலே பாதி உறக்கம். நெருக்கியடித்து ஏறிக்கொண்டதும் வண்டி மலையை நோக்கிப் பாய்கிறது. போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, தமிழ்நாட்டின் எல்லையைத் தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பஞ்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களிலே அவர்களை இறக்கிவிடுகிறது. மீண்டும் அவர்கள் வீட்டு வாயிலை மிதிக்கும்போது பொழுது சாய்ந்திருக்கும். பகல் வெளிச்சத்திலே தாயின் முகம் பார்ப்பது, அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு விடுமுறை நாளிலே மட்டும் கிட்டும் பேறு.

அத்தகைய பிள்ளைகள் பலர் வந்தமரும் ஒரு தொடக்கப் பள்ளியிலே நாம் ஆசிரியர். கல்லூரியிலே வரலாறு பயின்று, ஆசிரியப் பயிற்சியும் முடித்து, ஏட்டிலே கண்ட இலட்சியங்களின் சூடு ஆறாத நிலையிலே வகுப்பறைக்குள் நுழைந்தோம். சென்ற ஆண்டு ஒருநாள், முதல் வகுப்புச் சுவரிலே, கடையிலே வாங்கிய படத்தாள் ஒன்றைத் தொங்கவிட்டோம். ‘நமக்கு உதவுவோர்’ என்பது அதன் தலைப்பு. வெள்ளை அங்கி அணிந்த மருத்துவர், காக்கி உடுத்த காவலர், பை மாட்டிய அஞ்சல்காரர், கரும்பலகை முன் ஆசிரியர், ஏர் பூட்டிய உழவர், தச்சர், குயவர், துணி வெளுப்பவர், முடி திருத்துபவர், செருப்புத் தைப்பவர், கடைசி மூலையிலே, துடைப்பத்தோடு தெருக் கூட்டுபவர்.

கோலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினோம். பிள்ளைகள் உரக்கப் பெயர் சொன்னார்கள். பாடம் பாகாய்ப் போய்க்கொண்டிருந்தது. அப்போது முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்தாள்.

“டீச்சர், இதுல எங்கம்மா படம் எங்க?”

“உங்க அம்மா என்னம்மா வேலை செய்றாங்க?”

“மலைக்குப் போறாங்க.”

மலைக்குப் போவது! இவ்வூரிலே அது பயணத்தின் பெயரன்று. ஒரு தொழிலின் பெயர். அந்தத் தொழிலுக்குப் படத்தாளிலே ஓர் அங்குல இடமும் இல்லை. “அடுத்த படத்துல இருக்கும்மா” என்று சொல்லி வைத்தோம். அது பொய். அடுத்த படமென்று ஒன்று நம்மிடம் இல்லை.

கோல் கடைசி மூலைக்கு வந்தது. துடைப்பத்தைத் தொட்டதுதான் தாமதம். வகுப்பிலே பாதிப் பிள்ளைகள் ஒரே நேரத்திலே தலையைத் திருப்பினார்கள். பின்வரிசையிலே அமர்ந்திருந்த ஒரு சிறுவனைப் பார்த்தார்கள். அவன் தந்தை தூய்மைப் பணியாளர். யாரும் ஒரு சொல் சொல்லவில்லை; எவரும் சிரிக்கவுமில்லை. திரும்பினார்கள், அவ்வளவே. அவனுக்கு வயது ஆறு. அவன் தன் சிலேட்டைக் குனிந்து பார்த்தான். அதிலே எழுத்து ஒன்றும் இல்லை. நாம் என்ன செய்தோம்? கோலை அவசர அவசரமாக அஞ்சல்காரர் பக்கம் நகர்த்திக்கொண்டோம். பகுத்தறிவு பேசும் நாவு, பேச வேண்டிய அந்த ஒரு கணத்திலே ஒட்டிக்கொண்டது.

என் தாய் ஏன் படத்திலே இல்லை என்று ஒரு குழந்தை ஏங்கியது. என் தந்தை ஏன் படத்திலே இருக்கிறார் என்று இன்னொரு குழந்தை நாணியது. ஒரே தாள், இரண்டு காயம். தொங்கவிட்டவர் நாம். அன்று முதல் நம்மை உறுத்தும் கேள்வியைத்தான் இங்கே தோழர்கள்முன் வைக்கிறோம். சமுதாயத்துக்காக உழைப்போரைப் பற்றிக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது? உதவுவோர் என்று சொல்வது உண்மையா?

இந்தப் பாடத்தின் பிறப்பு நல்ல நோக்கத்திலே நேர்ந்தது என்பதை மறுப்பதற்கில்லை. லூசி ஸ்ப்ரேக் மிட்செல் என்னும் அமெரிக்கக் கல்வியாளர் 1921ல் குழந்தைகளுக்கென ஒரு கதைத் தொகுதி வெளியிட்டார். ‘இங்கே, இப்போது’ என்பதுதான் அத்தொகுதியின் பெயரிலேயே அடங்கிய கொள்கை. குழந்தைக்கு எங்கோ உள்ள அரண்மனையைக் காட்டுமுன், அதன் கண்ணெதிரே உள்ள தெருவையும் வண்டியையும் வேலையையும் காட்டுங்கள் என்பது அவர் கருத்து. வீடு, தெரு, ஊர், நாடு என்று அறிவு வட்டம் வட்டமாக விரியவேண்டும் என்ற முறை அந்நாட்டுப் பள்ளிகளிலே பின்னர் வேரூன்றியது, உலகெங்கும் பரவியது.

நல்ல கொள்கைதான். ஆனால் நம் சுவரிலே தொங்கும் தாள், இங்கேயும் இல்லை, இப்போதும் இல்லை. போடியிலே இங்கே, இப்போது என்றால் என்ன? ஏலக்காய் அன்றோ! இந்த ஊரின் கடைத்தெருவும் கிடங்கும் மணப்பது அதனால். நறுமணப்பொருள் வாரியத்தின் ஏலம் நடப்பதும் இங்கே. அந்தச் சிறுகாயை எடுக்கும் கையைக் காட்டாமல், எந்த ஊருக்கும் பொருந்தும், எந்த ஊருக்கும் பொருந்தாத ஒரு தாளைக் காட்டிவிட்டு, ஊரைக் கற்பித்தோம் என்று மார்தட்டுகிறோம்.

விடுபட்டவரைச் சேர்த்துவிட்டால் குறை தீர்ந்துவிடுமா? மூலையிலே ஏலத்தோட்டத் தொழிலாளியின் படத்தை ஒட்டிவிட்டால் போதுமா? போதாது. நோய் படத்திலே மட்டும் இல்லை, தலைப்பிலேயே இருக்கிறது. ‘நமக்கு உதவுவோர்.’ அந்த ‘நமக்கு’ என்ற சொல்லிலே இருப்பவர் யார்? உதவி பெறுபவர் ஒரு பக்கம், உதவுபவர் மறுபக்கம். துணி வெளுக்கத் தருபவர் ‘நாம்’, வெளுப்பவர் ‘அவர்’. குப்பையைத் தெருவிலே எறிபவர் ‘நாம்’, அள்ளுபவர் ‘அவர்’. பாயசத்திலே ஏலம் மணக்கக் குடிப்பவர் ‘நாம்’. அட்டை கடிக்க ஏலம் எடுப்பவர் ‘அவர்’. ‘அவர்’ வீட்டுப் பிள்ளை இந்த வகுப்பிலே அமர்ந்து, ‘நமக்கு உதவுவோர்’ என்று உரக்கப் படிக்கும்போது, அது எந்தப் பக்கத்திலே நின்று படிக்கிறது? தன் தாயைத் தானே அந்நியராக்கிப் படிக்கிறது. அடிமையை உயிருள்ள கருவி என்று எழுதிவைத்தார் கிரேக்கத்து அரிஸ்டாட்டில். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. இன்றும் கருவிக்குச் சிரித்த முகம் வரைந்து, வண்ணம் தீட்டி, உதவுவோர் என்று பெயரிட்டு, குழந்தைகளிடம் கொடுக்கிறோமே!

உதவி என்பது யாது? பக்கத்து வீட்டு அக்காளின் தலையிலே குடத்தை ஏற்றிவிடுகிறோம்; அது உதவி. ஏற்றிவிடாமல் போனால் வருத்தம் உண்டு, வழக்கு இல்லை. ஏற்றிவிட்டதற்குக் கூலி கேட்பதில்லை. செய்யவும் செய்யாமலிருக்கவும் உரிமை உள்ளவர், மனம் உவந்து செய்வதே உதவி. 2018 மார்ச் 11ஆம் நாள் போடிக்கு அருகே குரங்கணி மலையிலே காட்டுத்தீ மூண்டது. மலையேற வந்திருந்தவர்கள் தீயிலே சிக்கினார்கள். 20க்கும் மேற்பட்டோர் உயிர் இழந்த அந்தக் கொடுமையிலே, தகவல் கேட்டதும் மலையடிவாரத்து ஊர் மக்கள் புகைக்குள் ஏறினார்கள். காயமுற்றவர்களைச் சுமந்து இறக்கினார்கள். அவர்களுக்கு அது வேலை இல்லை, கூலி இல்லை, கட்டளையும் இல்லை. அதுதான் உதவி. படத்தாளிலே அவர்களுக்கு இடம் இல்லை என்பது வேறு செய்தி.

தோட்டத்திலே காய் எடுப்பவர் செய்வது அதுவா? அவர் உழைக்கிறார், உழைப்புக்கு ஈடாகக் கூலி பெறுகிறார். நமது உணவுக்கு நாம் கடைக்காரரின் கருணையை நம்பியிருக்கவில்லை, அவரவர் தம் நலம் கருதிச் செய்யும் தொழிலையே நம்பியிருக்கிறோம் என்று 1776ல் ஆடம் ஸ்மித் விளக்கினார். கூலிக்காரன் போர்த்தும் முரட்டுக் கம்பளிச் சட்டைக்குப் பின்னே எத்தனை தொழிலாளரின் கைகள் உள்ளன என்றும் அவர் எண்ணிக் காட்டினார். அந்த எண்ணிக்கை நமக்கு வேண்டும். கருணையின் பெயரால் உழைப்பை மறைக்காதீர் என்ற எச்சரிக்கையும் வேண்டும். எனினும் அவர் சொன்னது பாதி உண்மை. கடைக்காரருக்கு விற்காமலிருக்கும் உரிமை உண்டு. விடியுமுன் ஜீப்பிலே ஏறும் தாய்க்கு ஏறாமலிருக்கும் உரிமை இருக்கிறதா? ஏறாவிட்டால் அன்று அடுப்பு எரியாது. உவந்து தருவது உதவி. ஒப்பந்தப்படி தருவது உழைப்பு. வேறு வழியின்றித் தருவதற்கு என்ன பெயர்? அதற்கும் உதவி என்றே பெயர் சூட்டினால், மொழிக்கே நாம் இழுக்குத் தேடுகிறோம்.

பெயரிலே என்ன இருக்கிறது என்பார் உண்டு. பெயரிலே கணக்கு இருக்கிறது, தோழர்களே! உதவிக்கு ஈடு நன்றி. உழைப்புக்கு ஈடு உரிமை. ஒருவரை உதவுபவர் என்று அழைத்துவிட்டால், நன்றி சொல்லிக் கணக்கை முடித்துவிடலாம். 2020 மார்ச் 22ஆம் நாள் மாலை 5 மணிக்கு நாடெங்கும் மக்கள் வாயிலிலே நின்று கைதட்டினார்கள், தட்டுகளைத் தட்டினார்கள். கொள்ளைநோய்க் காலத்திலே தொண்டாற்றிய மருத்துவப் பணியாளருக்கும் தூய்மைப் பணியாளருக்கும் அது நன்றி. அதே ஆண்டிலேதான் தமிழ்நாட்டிலே துப்புரவுப் பணியாளர் என்ற பெயரும் தூய்மைப் பணியாளர் என்று மாற்றப்பட்டது. நன்று, வரவேற்றோம். 2025 ஆகஸ்டிலே சென்னை ரிப்பன் மாளிகையின் முன், தூய்மைப் பணி தனியாரிடம் ஒப்படைக்கப்படுவதை எதிர்த்தும் பணி நிரந்தரம் கேட்டும் அந்தப் பணியாளர்கள் நாள்கணக்கிலே அமர்ந்தார்கள். உயர்நீதிமன்ற ஆணையை அடுத்து, 13ஆம் நாள் நள்ளிரவிலே காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. கைதட்டியவர்கள் எத்தனை பேர் அப்போது வாயிலுக்கு வந்தார்கள்? நன்றி சொல்வதற்குக் காசு செலவில்லை; உரிமை தருவதற்குச் செலவாகும். அதனாலேயே உலகம் நன்றியிலே தாராளமாக இருக்கிறது.

இதோ, நம் மலைக்கு அப்பால் மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்கள். 2015 செப்டம்பரிலே அங்கே பெண் தொழிலாளர்கள் கொழுந்து எடுப்பதை நிறுத்திவிட்டு வீதிக்கு வந்தார்கள். சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்துத் தாமே தலைமை ஏற்றார்கள். பெண்கள் ஒற்றுமை என்ற பொருளில் ‘பெம்பிளை ஒருமை’ என்று தம் அணிக்குப் பெயரிட்டார்கள். 20 விழுக்காடு போனசு கேட்டார்கள், பெற்றார்கள். அவர்கள் கேட்டது வாழ்த்துமடல் இல்லை, கணக்கு. 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, அதே மூணாற்றுப் பக்கத்துப் பெட்டிமுடியிலே மலை சரிந்து லயத்து வீடுகளை மூடியது. மாண்டவரும் காணாமற்போனவருமாக 70 பேர். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். உழைப்பவருக்குக் கூலி மட்டும் போதாது, உயிருக்குக் காப்பும் வேண்டும் என்று அந்த மண்மேடு சொல்லிற்று. அதைக் கேட்ட காதுகளுக்கு, ‘நமக்கு உதவுவோர்’ என்ற பாடம் எவ்வளவு மெலிந்து ஒலிக்கிறது!

இனி, பின்வரிசைச் சிறுவனிடம் வருவோம். அவன் காயம் வேறு. படத்திலே இல்லாத குறையை அவன் உணரவில்லை. படத்திலிருந்து வெளியேற முடியாத குறையை உணர்ந்தான். மருத்துவர் படத்தைக் காட்டியபோது எந்தப் பிள்ளையும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை; அந்தப் படம் எல்லாருக்கும் பொது. எவரும் அதற்குள் நுழையக் கனவு காணலாம். துடைப்பம் ஏந்திய படமோ அவன் ஒருவனுக்கே ஒதுக்கப்பட்டது. ஒதுக்கியவர் ஓவியர் இல்லை, சாதி.

1953ல் சென்னை மாநிலத்திலே இராசாசி ஆட்சி ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தது. நாளொன்றுக்கு 3 மணி நேரம் பள்ளி. எஞ்சிய நேரத்திலே பெற்றோரின் தொழிலைப் பிள்ளை பழகவேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று அதற்குச் சரியாகப் பெயர் சூட்டி, திராவிட இயக்கத்தார் எதிர்த்து நின்றனர். 1954ல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. சட்டத்திலே அது செத்து எழுபது ஆண்டு கடந்துவிட்டது. ஆனால் ஆறு வயதுப் பிள்ளைகளின் கழுத்துகள் ஒரே கணத்திலே ஒரே பக்கம் திரும்பினவே, அங்கே அது உயிரோடு இருக்கிறது. சாதி வேலையைப் பங்கிடுவதோடு நிற்பதில்லை, வேலை செய்வோரையே கூறுபோட்டு ஒருவர்மேல் ஒருவராக அடுக்கிவைக்கிறது என்று 1936லேயே அம்பேத்கர் உணர்த்தினார். அந்த அடுக்கைத்தான் நம் கோல் மேலிருந்து கீழாகத் தொட்டுக்கொண்டு வந்தது! வெள்ளை அங்கியிலே தொடங்கித் துடைப்பத்திலே முடித்த வரிசையை வகுத்தவர் யார்? தாளை அச்சிட்டவரும் அறியார். வாங்கிய நாமும் எண்ணிப் பார்க்கவில்லை.

பிறப்பிலே எல்லா உயிரும் நிகர் என்றார் வள்ளுவர். செய்யும் தொழிலின் வேறுபாட்டால் சிறப்பு வேறுபடும் என்றும் 972ஆம் குறளிலே சேர்த்துச் சொன்னார். தொழிலின் வகையிலே உயர்வு தாழ்வு என்று அதற்குப் பொருள்கொள்வோர் உளர். செய்யும் திறத்திலும் நேர்மையிலுமே உயர்வு தாழ்வு என்று நாம் கொள்வோம். எவ்வாறு கொண்டாலும், தொழிலே பிறப்பால் ஒட்டப்பட்ட நாட்டிலே அந்தக் குறளின் முதற்பாதியை இரண்டாம் பாதி விழுங்கிவிடும். தொழிலும் பிறப்பும் பிரிக்கப்பட்ட பின்னரே வள்ளுவர் முழுமையாக வாழ்வார்.

சட்டம் இல்லையா? உண்டு. மனிதக் கழிவை மனிதர் கையால் அகற்றுவதை 1993ல் ஒரு சட்டம் தடுத்தது. 2013ல் மற்றொன்று இன்னும் கடுமையாகத் தடுத்தது. சாக்கடைக் குழியிலே மாண்டவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014ல் உச்சநீதிமன்றம் கூறிற்று. 2023ல் அதை 30 லட்சமாக உயர்த்திற்று. இழப்பீடு உயர்த்தவேண்டிய நிலை வந்தது என்றாலே, சாவு நிற்கவில்லை என்றுதானே பொருள்? பள்ளிக்குள்ளேயும் பாருங்கள். 2018ல் அவிநாசிக்கு அருகே ஓர் ஊரிலே, சத்துணவு சமைப்பவர் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண் என்பதற்காகப் பெற்றோர் சிலர் எதிர்த்தார்கள். அவர் இடம் மாற்றப்பட்டார். கண்டனம் எழுந்த பின்னரே அந்த மாற்றம் விலக்கப்பட்டது. சுவரிலே உதவுபவருக்கு வணக்கம். அடுப்பங்கரையிலே அவருக்கே விலக்கு. குழந்தை எதை நம்பும்? சுவரையா, வீட்டையா?

‘ஆறு வயதுப் பிள்ளையிடம் கூலி, சாதி, சாவு என்று பேசுவதா? பிஞ்சிலே நஞ்சு கலப்பதா? நன்றியுணர்ச்சி நல்லதுதானே, அதை ஏன் கெடுக்கவேண்டும்?’ என்று நண்பர்கள் நம்மிடம் கேட்டார்கள். நியாயமான கேள்வி. விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

நன்றியைக் கெடுக்கச் சொல்லவில்லை. கடனைத் தீர்த்தபின் சொல்லும் நன்றி பண்பு. கடனைத் தீர்க்காமல் சொல்லும் நன்றி தந்திரம். இரண்டும் ஒன்றில்லை என்பதைத்தான் சொல்கிறோம். பிஞ்சு என்கிறீர்கள். ஒரு முறுக்கை இரண்டாக உடைத்து, சிறிய துண்டை அந்தப் பிஞ்சிடம் நீட்டிப் பாருங்கள். நீதிநூல் கற்காமலே நீதி கேட்கும்! குழந்தைக்கு நியாயம் விளங்காது என்பது, நியாயம் செய்ய விரும்பாத பெரியவர்களின் கற்பனை. சாதியைப் பற்றிப் பேசாதீர்கள் என்கிறீர்கள். நாம் பேசவில்லையே, ஆயினும் தலைகள் திரும்பினவே! தெரு கற்பித்துவிட்டது, திண்ணை கற்பித்துவிட்டது. பள்ளி மட்டும் வாய்மூடி இருந்தால், தெருவே தலைமையாசிரியர்.

ஆகவே, படத்தாளைச் சுருட்டி வைத்தோம். மறுவாரம் ஒவ்வொரு பிள்ளையின் உள்ளங்கையிலும் ஓர் ஏலக்காயை வைத்தோம். “இது உங்க கைக்கு எப்படி வந்துச்சு?” என்று கேட்டோம். கடையிலிருந்து என்றார்கள். கடைக்கு? லாரியிலே. லாரிக்கு? அப்படியே ஏறினோம், கொண்டை ஊசி வளைவுகளைப்போல ஒவ்வொன்றாக. கிடங்கிலே பருமன் பார்த்துத் தரம் பிரிக்கும் பெண்கள் வந்தார்கள். ஒரு பிள்ளை, “எங்க ஆச்சி!” என்றது. உலர்கூடத்திலே இரவு விழித்துத் தீ காப்பவர் வந்தார். மருந்து அடிப்பவர் வந்தார். களை எடுப்பவர் வந்தார். ஜீப் ஓட்டுபவர் வந்தார். கரும்பலகையிலே பெயர் எழுதப் போதிய இடம் இல்லை. விரல்விட்டு எண்ணிய பிள்ளைகள், தம் விரல்கள் தீர்ந்துபோய்ப் பக்கத்துப் பிள்ளையின் விரல்களைக் கடன் வாங்கின.

அடுத்த பெற்றோர் கூட்டத்திற்கு முன்வரிசைச் சிறுமியின் தாய் வந்திருந்தார். வகுப்புக்கு வந்து பிள்ளைகளிடம் பேசும்படி வேண்டினோம். “நான் என்னத்த டீச்சர் சொல்லிக் குடுக்கப் போறேன்?” என்று கூசினார். பின்னர் வந்தார். செடி ஆளுயரத்துக்கு மேலே வளரும், காய் மட்டும் தூரடிச் சரத்திலே இருக்கும், ஆகவே நாள் முழுதும் குனிந்தும் குந்தியுமே எடுக்கவேண்டும் என்று செய்து காட்டினார். சரத்திலே எல்லாக் காயும் ஒருசேர விளையாது. விளைந்ததை மட்டும் எடுத்து, பிஞ்சை அடுத்த முறைக்கு விடவேண்டும். விளைந்த காயைப் பிளந்தால் உள்ளே விதை கறுத்திருக்கும், பிஞ்சிலே வெளுத்திருக்கும். பிளக்காமலே அதை அறியும் விரல் அவருடையது. ஏறத்தாழ 5 கிலோ பச்சைக்காய் உலர்ந்தால்தான் 1 கிலோ தேறும் என்றபோது பிள்ளைகள் வாய்பிளந்தனர். கேள்விகள் கிளம்பின. “மழை பெஞ்சா?” “நனைஞ்சுக்கிட்டேதான்.” “முதுகு வலிக்காதா?” “வலிக்கும்.” “வலிக்குதுன்னு போகாம இருக்கலாம்ல?” அவர் நம்மைப் பார்த்தார். நாமும் அவரைப் பார்த்தோம். ஆடம் ஸ்மித் விட்டுவைத்த மறுபாதியை ஆறு வயது கேட்டுவிட்டது.

தலைகால் புரியாத மகிழ்ச்சியிலே, பின்வரிசைச் சிறுவனின் தந்தையையும் அழைத்தோம். அவர் கைகூப்பினார். “வேணாம் டீச்சர். நான் அங்க வந்து நின்னா, எம்பையன் நான் போனப்புறமும் அங்கயே நிக்கணும். அவன் வேற படத்தப் பாக்கட்டும்” என்றார்.

கன்னத்திலே அறைந்ததுபோல் இருந்தது. எல்லாத் தொழிலும் உயர்ந்தது என்று பேசுவது எவ்வளவு எளிது! தொழிலுக்குப் பெருமை சேர்க்கிறோம் என்று எண்ணி, விலங்குக்குப் பொன்முலாம் பூச இருந்தோம். தாய்க்குத் தன் திறமையைச் சொல்லிக்காட்ட ஒரு மேடை வேண்டியிருந்தது. தந்தைக்குத் தன் மகன் அந்த மேடையிலிருந்து இறங்கிப்போக ஒரு வழி வேண்டியிருந்தது. இரண்டையும் ஒரே மாலையால் தீர்க்கப் பார்த்தது நம் அறியாமை.

அந்த இருவரிடமும் நாம் கற்றதைத் தொகுத்துச் சொல்வோம். உழைக்கும் ஒவ்வொருவருக்கும் சமுதாயம் மூன்று கடன் பட்டிருக்கிறது. உழைப்புக்கு ஏற்ற கூலி. உடலுக்கும் உயிருக்கும் காப்பு. விரும்பாதபோது அத்தொழிலை விட்டு விலகவும், தன் பிள்ளை அதற்குள் பிறவாமலிருக்கவும் உரிமை. இந்த மூன்றும் உள்ள இடத்திலே பெருமை தானே வரும்; யாரும் கைதட்டவேண்டியதில்லை. மூன்றும் இல்லாத இடத்திலே பெருமை பேசுவது, பசித்தவனுக்குச் சாப்பாட்டுப் படம் காட்டுவது. குழந்தைக்கு இதைக் கடுஞ்சொற்களால் கற்பிக்கவேண்டாம். ‘இது எப்படி வந்தது? யார் செய்தார்? அவருக்கு என்ன கிடைத்தது? வேண்டாமென்றால் அவர் விட்டுவிடலாமா?’ இந்த நான்கு கேள்விகளை ஏலக்காயிடம் கேட்கட்டும், சட்டைத்துணியிடம் கேட்கட்டும், கூட்டிச் சுத்தமான தெருவிடம் கேட்கட்டும். கேட்டுப் பழகிய நாவு, பெரியதான பின் ஒட்டிக்கொள்ளாது, நம் நாவைப்போல!

இப்போது நம் வகுப்புச் சுவரிலே வெள்ளைத்தாள் ஒன்று தொங்குகிறது. ‘நமக்கு’ என்பதை நீக்கிவிட்டோம். ‘உதவுவோர்’ என்பதையும் நீக்கிவிட்டோம். ‘நாம்’ என்று மட்டும் எழுதியிருக்கிறோம். அதிலே பிள்ளைகள் தாம் விரும்பியதை வரைகிறார்கள். முன்வரிசைச் சிறுமி செடியின் அடியிலே குந்திய ஓர் உருவம் வரைந்தாள். செடியைவிட அவள் தாய் பெரியவர்! பின்வரிசைச் சிறுவன் ரயில் வரைந்தான். 2010 இறுதியிலே நின்றுபோன போடி ரயில், அகலப்பாதையாகி 2023 ஜூனிலே மீண்டு வந்ததே, அந்த ரயில். எஞ்சினுக்குள்ளே ஓர் ஆள் நிற்கிறார். “யாருப்பா இது?” என்றோம். “நான்தான் டீச்சர்” என்றான். தந்தையை அவன் வரையவில்லை. நாமும் கேட்கவில்லை.

மறுநாள் விடியுமுன்னும் ஜீப்புகள் உறுமின. அதை ஒரு வெள்ளைத்தாள் நிறுத்திவிடும் என்று நாம் மயங்கவில்லை. ஆனால் நாளை கூலி கேட்டு, காப்புக் கேட்டு, விலகும் உரிமை கேட்டு ஒருவர் எழும்போது, அந்த வகுப்பிலே படித்தவர் எவரும் ‘அவர்’ கேட்கிறார் என்று சொல்லாமல், ‘நாம்’ கேட்கிறோம் என்று சொல்லவேண்டும். அதற்கான பாடத்தை முதல் வகுப்பிலேயே தொடங்கவேண்டும். ஊர்தோறும் ஆசிரியராக இருக்கும் தோழர்களே, உங்கள் வகுப்புச் சுவரிலே தொங்கும் தாளின் கடைசி மூலையை இன்றே பாருங்கள். பிறகு, பின்வரிசையைப் பாருங்கள்.